குறை எதனோடு கூடப் போகிறது? வீட்டுக் கருவிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தொழில்நுட்பச் செய்திகளைத் தொகுக்கும் மேசையில் இருப்பவனிடம் வாசகர்கள் புதிதாக வந்த கைபேசிகளைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று தொடக்கத்தில் நினைத்திருந்தேன். திருகோணமலையில் என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே வீட்டில் இருந்து, நேற்றுவரை ஒழுங்காக வேலை செய்து, இன்று காலை அடம்பிடிக்கத் தொடங்கிய பொருட்களைப் பற்றியவை. அவற்றுக்குச் சொன்ன பதில்களையே இங்கே அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக நான் பின்பற்றுவது ஒரே முறைதான். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றிய பின், குறை அந்தப் பொருளோடு கூடப் போகிறதா, பழைய இடத்திலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சார்ஜரையும் வயரையும் ஒன்றாக மாற்றியவருக்குக் கைபேசி சரியாகிவிடலாம், ஆனால் பழுதானது எது என்று தெரியாததால் நல்ல பொருள் ஒன்றும் குப்பைக்குப் போய்விடும்.

சார்ஜ் ஏறவில்லை, அல்லது ஏறுவதும் நிற்பதுமாக இருக்கிறது

முதலில் வேறொரு பிளக் பொயின்டில் செருகிப் பாருங்கள். பிறகு சார்ஜரை அப்படியே வைத்துக்கொண்டு வயரை மட்டும் மாற்றுங்கள். பிறகு அந்தப் பழைய வயரை வீட்டிலுள்ள இன்னொருவரின் கைபேசியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் சார்ஜ் விட்டுவிட்டு ஏறினால் குறை வயரோடு கூடப் போயிருக்கிறது. உங்கள் கைபேசிக்கு ஒன்றும் இல்லை. நான் பார்த்தவற்றில் வயர்தான் அடிக்கடி குற்றவாளியாகிறது, ஏனெனில் தலைமாட்டில் வைத்துப் படுத்தபடி பார்க்கும்போது செருகியின் கழுத்து நாள்தோறும் மடிகிறது. உள்ளே செப்பு இழைகள் அறுந்துபோக வெளி உறை மட்டும் முழுதாகத் தெரிகிறது.

குறை கைபேசியிலேயே நின்றுவிட்டால், செருகி முழுமையாக உள்ளே போகிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் இடைவெளி தெரிந்தாலோ, இலேசாக இழுத்தவுடன் கழன்றாலோ, சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் துவாரத்தின் அடியில் இறுகியிருக்கிறது என்று பொருள். கைபேசியை முழுவதும் அணைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் மரப் பல்குச்சியால், நடுவிலுள்ள நாக்கைத் தொடாமல், ஓரத்திலிருந்து மெல்ல நெம்பினால் அது திரளாக வெளியே வரும். ஊசி, கூந்தல் ஊசி, பின் எதுவும் வேண்டாம்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். எங்கள் ஊருக்கென்று உள்ள சிக்கல் உப்பு.

கடந்த வாடைக் காலத்தில் திருக்கடலூரிலிருந்து வந்த மீனவர் ஒருவர் தம் கைபேசியை என் மேசையில் வைத்து, “தம்பி, கடையில மதர்போர்ட் மாத்த வேணுமாம், பாதி விலை கேக்கினம். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ” என்றார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, துவாரத்தின் நடு நாக்கில் வரிசையாக இருக்க வேண்டிய பொன்னிறக் கோடுகளில் இரண்டு பச்சைப் பூச்சோடும், ஒன்று அரித்துக் கருத்தும் இருந்தன. மற்றவை பளிச்சென்றே இருந்தன. ‘டைப் சி’ எனப்படும் இந்த யூஎஸ்பி துவாரத்தில் இருபத்துநான்கு தொடுமுனைகள் உள்ளன. அவற்றில் நான்குதான் சார்ஜரிலிருந்து வரும் மின்னழுத்தத்தைச் சுமக்கின்றன. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் ஆகையால், ஈரம் காயுமுன் சார்ஜரைச் செருகினால் அந்த நேர்மின் முனைகளிலிருந்து உலோகம் கரைந்து போகத் தொடங்குகிறது. தண்ணீர் பட்டதைவிடத் தண்ணீரோடு சார்ஜ் போட்டதே கூடிய சேதத்தைச் செய்கிறது என்பதை அந்தப் பச்சைக் கோடுகளில் கண்ணாலேயே பார்க்கலாம். “ஐஸ் பெட்டியில இருந்து எடுத்த கையோடதான் சார்ஜ் போடுறனான்” என்று அவரே ஒப்புக்கொண்டார். பல கைபேசிகளில் சார்ஜ் துவாரம் தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) இல்லாமல் தனியான சிறு பலகையில் இருக்கும். அதை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்கும்படி சொல்லி வேறொரு திருத்துநரிடம் அனுப்பினேன். முடிந்தது. செலவும் முன்பு கேட்ட தொகைக்குக் கிட்டவும் வரவில்லை.

ஆகவே திரையில் ஈரப்பத எச்சரிக்கை தோன்றினால், அதைத் தள்ளிவிட்டுச் செருகுவது துவாரத்தை நீங்களே அரிக்க விடுவதாகும். துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி கைபேசியைப் பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். முழுதாகக் காய ஒரு நாள்கூட ஆகலாம். முடி உலர்த்தியின் சூடு வேண்டாம், பஞ்சுக்குச்சியை உள்ளே விடவும் வேண்டாம். அரிசிப் பானைக்குள் புதைக்கும் பழக்கத்தை இன்னும் பலர் விடவில்லை. அரிசித் துகள் துவாரத்துக்குள் போய்ச் சேதம் விளைவிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே தன் உதவிக் குறிப்பில் எச்சரித்திருக்கிறது. அரிசி சோற்றுக்கு ஆகட்டும்.

நீர், தூசிக் காப்பைக் குறிக்கும் ஐபி68 என்று பெட்டியில் எழுதியிருந்ததே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சோதனை நன்னீரில் நடத்தப்படுவது, கடல்நீரில் அன்று. மேலும், அந்தக் காப்பு கைபேசியின் ஓரத்திலுள்ள பசையையும் இரப்பர் வளையங்களையும் நம்பியிருப்பதால், ஒருமுறை விழுந்ததற்கோ பற்றரி மாற்றியதற்கோ பின் அது முன்புபோல் இருக்கும் என்று எண்ணக்கூடாது. அத்தகைய காப்புள்ள, உடையாத கைபேசி நிலாவெளியில் கடலுக்குள் விழுந்தால், எடுத்தவுடன் நல்ல தண்ணீரால் கழுவி உப்பை நீக்கிவிட்டுக் காயவைப்பதே சரி. காப்பில்லாத கைபேசியைக் கழுவ வேண்டாம். அணைத்து, திருத்துநரிடம் கொண்டு போங்கள்.

ஒரு வயரில் ஏறுகிறது, மற்றதில் ஏறவே இல்லை

புதிய கைபேசியோடு வந்த, இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்கும் வயரைச் சிறிய டோர்ச்சிலோ கைவிசிறியிலோ புளூடூத் ஒலிபெருக்கியிலோ செருகினால் உயிரே வராது. பழைய அகன்ற முனை வயரில் செருகினால் உடனே விளக்கு எரியும். இது வயரின் குறையும் இல்லை, சார்ஜரின் குறையும் இல்லை. சி முனையிலிருந்து சி முனைக்கு மின் தர வேண்டுமானால், எதிரில் ஒரு கருவி உண்மையிலேயே இருக்கிறதா என்று சார்ஜர் முதலில் கேட்கும். அதற்குப் பதில் சொல்ல, கருவிக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு இருக்க வேண்டும். மலிவாகச் செய்பவர்கள் சில சதம் பெறாத அந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். பதில் வராததால் சார்ஜர் வாயை மூடிக்கொள்கிறது. அகன்ற முனைச் சார்ஜரோ எதையும் கேட்காமல் 5 வோல்ட்டைக் கொடுத்துவிடும். ஆகவே அப்படிப்பட்ட கருவிகளுக்காகப் பழைய வயர் ஒன்றை எறியாமல் வைத்திருங்கள்.

வேக சார்ஜ் மெதுவாகிவிட்டது என்பவர்களும் முதலில் வயரையே சந்தேகியுங்கள். சாதாரண சி வயர் 3 ஆம்பியரும் 60 வாட்டும் மட்டுமே தாங்கும். அதற்கு மேலே போக, தன்னை அடையாளம் சொல்லும் சில்லு வயருக்குள்ளேயே இருக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெயிலில், முச்சக்கர வண்டியின் முகப்பில் வைத்துச் சார்ஜ் ஏற்றினால், 80 சதவீதத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. அது குறையன்று, சூட்டிலிருந்து பற்றரியைக் காப்பதற்காகக் கைபேசி தானே எடுக்கும் முடிவு.

திரை ஓரத்தில் எழும்பி நிற்கிறது

இதில் சோதித்துப் பார்க்க எதுவும் இல்லை. பற்றரி உள்ளே வாயு சேர்ந்து வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடுவதை அப்போதே நிறுத்துங்கள், அழுத்தி மூட முயலாதீர்கள், குத்தாதீர்கள், வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். 2016ஆம் ஆண்டில் சாம்சங் தன் கேலக்சி நோட் 7 கைபேசிகளை உலகெங்கும் திரும்பப் பெற்று, அந்த மாதிரியையே கைவிட்டது பற்றரியின் குறையால்தான்.

படங்கள் பட்டியலில் இருக்கின்றன, திறந்தால் வரவில்லை

தம்பலகாமத்திலிருந்து ஒரு தாய், மகளின் பூப்புனித நீராட்டு விழாக் காணொளிகள் இருந்த மெமரி கார்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். காலையில் எடுத்த படங்கள் திறந்தன. பகல் பதினொரு மணிக்குப் பிறகு எடுத்த ஒன்றுமே திறக்கவில்லை. கார்டை வேறு கைபேசியில் போட்டாலும் அதே இடத்தில் அதே குறை, ஆகவே குறை கார்டோடு கூடப் போகிறது. 128 ஜிபி என்று உறையில் அச்சிடப்பட்டு, கைபேசியிலும் அப்படியே காட்டிய அந்தக் கார்டில் உண்மையில் இருந்தது 8 ஜிபிதான். இப்படிப்பட்ட போலிக் கார்டுகளில் கட்டுப்பாட்டுச் சில்லுக்குப் பொய் சொல்லக் கற்பித்திருப்பார்கள். உண்மைக் கொள்ளளவு நிரம்பிய பின் வருவதைப் பெற்றுக்கொண்டது போல நடித்து, பெயரை மட்டும் பட்டியலில் எழுதிவிட்டு, தரவை எங்கும் எழுதாமல் விட்டுவிடும். எழுதப்படாததை எந்த மீட்பு மென்பொருளாலும் மீட்க முடியாது என்று அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டியிருந்தது எனக்குப் பிடித்த வேலையன்று.

கார்டு வாங்கிய அன்றே கணினியில் போட்டு, எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதி, திரும்ப வாசித்துச் சோதியுங்கள். பல மணி நேரம் எடுக்கும். விழாவுக்கு முன்பு அந்த மணித்தியாலங்கள் கிடைக்கும், விழாவுக்குப் பின்பு கிடைக்கமாட்டா.

தமிழ் எழுத்து தமிழாகத் தெரியவில்லை

இந்தக் கேள்வியைத்தான் ஆசிரியர்களும் கோயில் நிருவாக சபைக்காரரும் மரண அறிவித்தல் அச்சிடுவோரும் ஓயாமல் கேட்கிறார்கள். என்ன தெரிகிறது என்பதைப் பொறுத்தே பரிகாரமும் அமையும்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால், எழுத்து சரியாகவே வந்திருக்கிறது; அதை வரைந்து காட்டும் எழுத்துரு மட்டும் அந்தக் கருவியில் இல்லை. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் யூஎஸ்பி குச்சியைச் செருகி, தமிழ்ப் பெயருள்ள பாடல்களைத் தேடும்போது இதைக் காணலாம். கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் மாற்றிவிட்டால் போதும்.

ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிந்தால், அனுப்பியவர் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார். இலங்கையில் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி வேரூன்றிவிட்டது. அதில் கணினி சேமித்து வைப்பது தமிழையே அன்று. ‘தமிழ்’ என்று நீங்கள் பார்ப்பது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி எழுத்துரு அந்த ஐந்தின் மேலும் தமிழ் வடிவங்களைப் போர்த்திக் காட்டுகிறது. வாட்ஸ்அப்பில் ஒட்டியவுடன் போர்வை விலகிவிடுகிறது. தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி எண்களைத் தரும் யூனிகோட் 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலிருந்தே தமிழை உள்ளடக்கியிருக்கிறது; கைபேசிகளுக்குப் புரிவது அதுதான். ஆகவே பாமினியில் உள்ளதை அனுப்புமுன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றி ஒன்றில் ஒட்டி யூனிகோடாக்க வேண்டும். மாற்றியபின் மின்னஞ்சல் முகவரிகளையும் ஆங்கிலச் சொற்களையும் கட்டாயம் சரிபாருங்கள், ஏனெனில் மாற்றி அவற்றையும் பாமினி என்றே நம்பித் தமிழாக்கிவிடும்.

மூன்றாவது அறிகுறி நுட்பமானது: எழுத்தெல்லாம் தமிழாகவே தெரிகிறது, ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் முதற்சொல்லும் பிழையாக இருக்கிறது. ‘மக்கள்’ என்று தொடங்க வேண்டியது ‘முக்கள்’ என்றும், ‘தலைவர்’ என்பது ‘துலைவர்’ என்றும் நிற்கும். தட்டச்சாளரைத் திட்டாதீர்கள். வேர்ட் மென்பொருள் பாமினியை ஆங்கிலம் என்று எண்ணி, வாக்கியத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்குகிறது. பாமினியில் சிறிய எழுத்து அகரமாகவும், அதே விசையின் பெரிய எழுத்துப் பெரும்பாலும் உகரமாகவும் இருப்பதால் த என்பது து ஆகிறது, ம என்பது மு ஆகிறது. பலத்த காற்று பற்றி மீனவர்களுக்கு விடுக்கப்பட்ட ஓர் அறிவித்தல் ‘கடல் கொந்தளிப்பாக இருக்கும்’ என்று தொடங்க வேண்டிய இடத்தில், ‘குடல் கொந்தளிப்பாக இருக்கும்’ என்று தொடங்கியதை நானே அச்சுக்குப் போகுமுன் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். முழு அறிவித்தலையும் மூன்று பேர் வாசித்திருந்தோம். இதைத் தடுக்க, வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் என்று போய், ஆட்டோகரெக்ட் பகுதியில் வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிதாக்கும் தெரிவை நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று, பார்வைக்குச் சரியாக இருக்கும் சொல் தேடும்போது மட்டும் அகப்படாமல் போவது. ‘கொக்கு’ என்ற சொல்லின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சில தேடல் மென்பொருள்களுக்கு வேறு. ‘ஔவை’ என்பதற்கு ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவோரும் இதே வினையைத் தேடிக்கொள்கிறார்கள். அகப்படாத சொல்லை நீங்களே புதிதாகத் தட்டி, பழையதன் இடத்தில் வைத்துவிடுங்கள்.

காணொளி சுற்றிக்கொண்டே நிற்கிறது

ரவுட்டரின் விளக்குகளை முதலில் பாருங்கள். ஃபைபர் இணைப்பில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியிழையில் சமிக்ஞையே வரவில்லை. ரவுட்டரை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. பின்புறத்து மெல்லிய வயர் மடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இணைப்புத் தருபவரை அழையுங்கள்.

விளக்குகள் சரியாக இருந்தால், கைபேசியோடு ரவுட்டரின் பக்கத்தில் போய் நில்லுங்கள். அங்கே ஓடி அறைக்குள் நின்றால் குறை சுவரில் இருக்கிறது. 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் தடித்த பழைய சுவர்களைத் தாண்டத் திணறும், அறைக்குள் 2.4 கிகாஹேர்ட்ஸ் வலையமைப்புக்கு மாறிப் பாருங்கள். பக்கத்திலேயே ஓடவில்லையென்றால் வேகத்தை அளந்து பாருங்கள். முழு எச்டி தரத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட்டும், 4கே தரத்துக்கு 15 மெகாபிட்டும் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் கூறுகிறது. அளவு மெகாபைட்டில் காட்டப்பட்டால் எட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மழை வந்தால் டிஷ் போய்விடுகிறது

கடும் மழையில் சில நிமிடங்கள் போவது இயற்கை. மழைத்துளிகள் செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகளை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. மழை விட்ட பிறகும் வரவில்லையென்றால், பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் பலம், தரம் என்ற இரண்டு பட்டைகளையும் பாருங்கள். பலம் இருந்து தரம் மட்டும் பூச்சியமானால், வாடைக்காற்று டிஷ்ஷைத் திருப்பியிருக்கலாம். இரண்டுமே பூச்சியமானால் வயரையோ, அதன் திருகு முனையையோ, டிஷ்ஷின் வாயில் அலையை வாங்கும் எல்.என்.பி. என்ற பகுதியையோ உப்புக்காற்று தின்றிருக்கும். மார்ச் நடுப்பகுதியிலும் செப்டெம்பர் கடைசியிலும், நாள்தோறும் ஒரே நேரத்தில் சில நிமிடங்கள் மட்டும் போனால் ஏணியில் ஏறாதீர்கள். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது, சில நாட்களில் தானே விலகிவிடும்.

வானொலி இரைகிறது

ஜெர்மனியின் டொய்ச்செ வெல்லே வானொலி நெடுங்காலம் மறுஒலிபரப்பு நிலையம் வைத்திருந்த மாவட்டம் இது. மத்திய அலையும் சிற்றலையும் கேட்டுப் பழகிய காதுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமது வானொலியில் மாலையானால் ‘ர்ர்ர்’ என்ற இரைச்சல் எழுவதாகவும், பழைய பெட்டி என்பதால் பிள்ளைகள் எறியச் சொல்வதாகவும் கூறினார். வானொலியைப் பற்றரியில் போட்டுக்கொண்டு முற்றத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். “வெளியில கண்ணாடி மாதிரிக் கேக்குது தம்பி” என்றார். அப்படியானால் இரைச்சல் வானொலியோடு கூடப் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. பிறகு பிரதான சுவிட்சை அணைத்து, வானொலியை உள்ளே கொண்டுவரச் செய்து, சுவிட்சைத் திரும்பப் போட்டபின் அறை அறையாக ஒவ்வொரு விளக்கையும் சார்ஜரையும் போட்டுப் பார்த்தோம். மலிவான எல்.ஈ.டி. குமிழ்களும் சார்ஜர்களும் உள்ளே மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி ஒட்டுகின்றன. வடிகட்டிப் பகுதி சரியில்லாவிட்டால் அந்த வெட்டு வீட்டு வயர்களில் ஓடி மத்திய அலையில் இரைச்சலாகக் கேட்கும். விறாந்தைக் குமிழைப் போட்டதும் இரைச்சல் எழுந்தது. அணைத்ததும் செய்தி தெளிவாகக் கேட்டது. ஐயா அந்தக் குமிழைக் கழற்றி, இரவில் தாம் போகாத கிணற்றடியில் மாட்டிவிட்டார்.